டிரம்பெட் வாங்காதவள்

ஐந்நூற்றுப் பதினேழு.
வீட்டுக்காரர் அந்த எண்ணைச் சொன்னபோது
குரலைத் தாழ்த்திக்கொண்டார்,
நோயின் பெயரைச் சொல்கிறவர் போல.
மாடி அறை வேறொருவருக்குப் போயிற்று.
ஜன்னலைத் திறந்தால்
சுப்பீரியர் ஏரி தெரியுமாம்.

டுலூத் நகரில் ஜனவரி.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
மார்லிஸ் ஹௌடாலா விரிப்புகளை மடிக்கிறாள்.
மூன்று வருடம் முன்பு பனியில் வழுக்கி
மணிக்கட்டை முறித்துக்கொண்ட இரவு
இவற்றில் ஏதோ ஒன்றின்மேல்தான் கிடந்தாள்.
அந்தப் பில்லை மருத்துவமனை
யாருக்கோ விற்றுவிட்டது.
கடனையும் விற்கலாம் என்று
அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

அப்புறம் டுவேன்.
விவாகரத்து அவனை அனுப்பிவைத்தது.
அவன் தேய்த்த கார்டு மட்டும்
அவள் பெயரிலேயே தங்கிவிட்டது.

காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்து
நாம் சமாளித்துக்கொள்கிறோம்: நாணயம்.
அங்கே அது மூன்று இலக்கம்.
தவறிய தவணை ஏழு வருடம் கூடவே வரும்;
நம் சனியோடு ஒப்பிட்டால்
அரை வருடம் சலுகை.

நூலகத்தில் தன் அறிக்கையை அச்செடுத்தாள்,
பக்கத்துக்குப் பதினைந்து சென்ட்.
பத்தொன்பது பக்கம்.
எட்டாம் பக்கத்தில் ஒரு டிரம்பெட்.

பெமிட்ஜியில் ஓர் இசைக்கடை.
தவணை முறை. ஆறு கட்டி, ஏழாவதில் நின்றுவிட்டது.
அவள் ஒருநாளும் குடியிராத தெரு
முந்தைய முகவரி என்று போட்டிருந்தது.
பெயரில் ஓர் எழுத்து கூடுதல்:
யாரோ இன்னொரு மார்லிஸ்,
கடைசி 'ஸ்'ஸை அழுத்திச் சொல்கிறவள்.

சமையல் மேஜையில் உட்கார்ந்து
'இது நான் அல்ல' என்று எழுதினாள்.
ஓட்டுநர் உரிமத்தின் நகல், மின்கட்டண ரசீது,
நான் நான்தான் என்பதற்கு இரண்டு சாட்சி.
முதல் படியில் இப்படியும் ஒரு வரி இருந்தது:
'அந்தப் பிள்ளை வாசிப்பதை நிறுத்தியிருக்கலாம்.'
அடித்துவிட்டாள்.
ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால்.

காத்திருக்கும் நாட்களுக்கென்று ஒரு புதுக் கார்டு.
முந்நூறு டாலரை வங்கியில் பிணை வைத்து
அதே முந்நூறைக் கடனாக வாங்குகிற ஏற்பாடு.
தன் சோற்றைத் தானே இரவல் கேட்பது மாதிரி
என்று சலவைக்கூடத்தில் சொன்னாள்,
யாரும் சிரிக்கவில்லை; பாதிப் பேரிடம் அதே கார்டு.
பெட்ரோல் மட்டும். தொண்ணூறைத் தாண்டக் கூடாது.
கெடுவுக்கு மூன்று நாள் முன்பே கட்டிவிடுவாள்,
முழுசாக, ஒரு சென்ட் மிச்சமின்றி.

பிப்ரவரியில் ஒரு தொலைபேசி.
வசூல் கம்பெனி. டிரம்பெட் விஷயம்.
"நான் அவளில்லை" என்றாள். பிறகு, வைக்காமல்,
"அது இப்போது யாரிடம் இருக்கிறது?"
எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் ஓசை.
"அம்மா, அது என் திரையில் இல்லை."

முப்பத்தாறாம் நாள் பதில் வந்தது: நீக்கப்பட்டது.
ஐந்நூற்று ஐம்பத்தாறு.
டிரம்பெட்டின் எடை முப்பத்தொன்பது.

அன்று விரிப்புகளின் மூலைகள் பொருந்தவில்லை.
நீக்கப்பட்டது என்றால் எங்கே போயிருக்கும்?
பெமிட்ஜியில் ஒருத்தியின் எட்டாம் பக்கத்துக்கா?
அவளும் இந்நேரம் ஏதாவது மாடி அறையை
விசாரித்துக்கொண்டிருப்பாளோ?
மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

இன்னும் டுவேனின் கார்டு இருக்கிறது.
மணிக்கட்டு இருக்கிறது,
மாதம் நாற்பது டாலர் வீதம்
ஒப்புக்கொள்ளவைத்த பேரம், எழுத்தில்.
வீட்டுக்காரர் அறுநூற்றைம்பது கேட்கிறார்.

வேலை முடிந்து திரும்பும் வழியில்
பங்கில் வண்டியை நிறுத்தினாள்.
ஏரிப் பக்கமிருந்து காற்று
காதை அறுத்துக்கொண்டு வந்தது.
முப்பத்தொரு டாலர் இருபது சென்ட்.
ரசீது வேண்டுமா என்று கேட்டது இயந்திரம்.
வேண்டும்.